தீபாவளிக்குத் தீபாவளி: புதுச்சேரியில் ஒரு சின்னப் பாய்ப்படகோடு ஒரு வருஷம்

அரியாங்குப்பம்_பாய்

சின்னப் பாய்ப்படகை எப்படிப் பராமரிப்பது என்று தேடினால் கிடைப்பதெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. அக்டோபரில் கரையேற்று, பனிக்காலம் முழுக்க ஷெட்டில் வைத்துப் பழுது பார், மே மாதம் தண்ணீரில் இறக்கு. அவர்கள் ஊருக்கு அது சரி. நம்ம கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது, அந்த மூன்று மாதமும் ஃபைபர் வேலைக்கும் பெயின்டுக்கும் ஆகாது. பழுது பார்க்கிற காலம் நமக்குத் தை கடைசியில் ஆரம்பித்துப் பங்குனியோடு முடிந்துவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தைத்தான் இந்த வருஷம் உறுதியாகத் தெரிந்துகொண்டேன், மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிறது.

படகு 14 அடி ஃபைபர் டிங்கி, அதாவது மேல்தளம் இல்லாத சின்னப் படகு, வாங்கும்போதே பழையது. அலுமினியப் பாய்மரம், ஒரு பெரிய பாய், முன்னால் ஜிப் என்கிற ஒரு சின்னப் பாய், படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க அடியில் தூக்கி இறக்குகிற சென்டர்போர்டு என்கிற பலகை. இன்ஜின் கிடையாது. அரியாங்குப்பம் ஆற்றோரம் ஒரு தென்னந்தோப்பில் டிராலிமேல் நிற்கிறது. பெரும்பாலும் ஆற்றுக்குள்ளேயேதான் ஓட்டுகிறேன், காற்றும் அலையும் ஒத்துவந்த நாட்களில் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்கும் போனதுண்டு.

போன தீபாவளிக்கு வந்த படகு ஒரு மாதத்திலேயே ஃபெஞ்சல் புயலைப் பார்த்துவிட்டது. 2024 நவம்பர் 30 ராத்திரி அந்தப் புயல் நம்ம பக்கம் கரையேறி மணிக்கணக்கில் நகராமல் நின்றதும், புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மழையைப் படகுக் கணக்கில் போட்டுப் பாருங்கள். திறந்த பகுதி ஏறக்குறைய நான்கு சதுர மீட்டர், நிமிர்த்தி வைத்திருந்தால் அதில் விழுந்திருக்கக்கூடிய தண்ணீர் 1,800 லிட்டருக்கு மேல். ஒன்றே முக்கால் டன்னுக்கு மேல் எடை. டிராலி அச்சு முதலில் போகும், அப்புறம் அடிப்பகுதி விரிசல் விடும். தோப்புக்காரப் பெரியவர் சொன்னபடி பாய்மரத்தைக் கழற்றித் தரையில் கிடத்தி, படகைக் குப்புறக் கவிழ்த்து, பழைய லாரி டயர்கள்மேல் உட்காரவைத்து, நான்கு மூலையிலும் முளை அடித்து நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுக் கட்டினோம். தென்னைமரத்தில் கட்ட வேண்டாம், ஆடுகிற மரம் முளையைவிட மோசமாக இழுக்கும் என்றார். இடத்தையும் மரங்களின் சாய்மானம் பார்த்து அவரே மாற்றிக் காட்டினார். படகுக்கு ஒரு கீறல் இல்லை. அந்தத் தோப்பில் விழுந்த மட்டைகளை அள்ளவே ரொம்ப நாள் ஆனது.

அப்புறம் தையில் வாடைக்காற்று நிதானத்துக்கு வந்தது. படகு ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்த ஊரில் அதைவிட நல்ல காலம் கிடையாது என்பது என் எண்ணம். காலையில் ஒரே சீராக வரும், திடீர்ப் பாய்ச்சல் குறைவு. மாசி பங்குனியில் காலைக் கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடக்கும், பாய் தொங்கும். அந்த நாட்களில்தான் படகை நிறுத்தி வேலை பார்த்தேன்.

வேலை என்ன என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் படகு வாங்கப்போகிறவர்கள் பார்க்க வேண்டிய இடங்களே இவைதான். பாய்மரத்தில் பூம், அதாவது பெரிய பாயின் அடியை நீட்டிப் பிடிக்கிற கம்பம், வந்து மாட்டுகிற இடத்தில் ஸ்டெயின்லெஸ் ரிவெட்டுகளைச் சுற்றி வெள்ளையாகப் பவுடர் பூத்திருந்தது, விரலால் தேய்த்தால் சுண்ணாம்புபோல ஒட்டும். அலுமினியமும் ஸ்டெயின்லெஸும் உப்புத் தண்ணீரில் சேர்ந்திருந்தால் ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடுகிறது, அதில் கரைந்துபோவது அலுமினியம்தான். மேலே பார்த்தால் பவுடர், ரிவெட்டை டிரில் போட்டு எடுத்தால் உள்ளே ஓட்டை முட்டை வடிவத்தில் விரிந்திருக்கிறது. நான்கு ரிவெட்டையும் எடுத்து, ஓட்டைகளைச் சுத்தம் செய்து, பிராக்கெட்டை இரண்டு விரற்கடை மேலே தள்ளிப் புது இடத்தில் மாட்டினேன். பிராக்கெட்டுக்கும் பாய்மரத்துக்கும் நடுவில் தடித்த பிளாஸ்டிக் ஷீட் ஒரு துண்டு, ஒவ்வொரு ரிவெட்டும் கிரீஸில் தோய்த்து. இந்த வருஷம் கடலுக்குப் போய்வந்த பிறகும் அந்த இடம் சுத்தமாக இருக்கிறது.

பாயில் துணிக்கு முன்னாடி நூல் போய்விடுகிறது. தையல் மேடாக நிற்கிறது, வெயிலும் உரசலும் அதன்மேல்தான். நகத்தால் தையலை லேசாகக் கீறிப் பாருங்கள், பொடிப்பொடியாக அறுந்தால் துணி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பாய் ஒரு நல்ல காற்றில் நீளமாகப் பிரிந்துவிடும். முழுப்பாயையும் பாலியெஸ்டர் நூலில் மறுபடி தைத்தேன். லாரித் தார்ப்பாய் தைக்கிறவரிடம் கொடுத்தேன், அவருடைய மெஷின் தடித்த இடங்களைத் தாண்டும். பழைய ஊசித் தடத்திலேயே போகாமல் பக்கத்தில் புதுத் தடம் போடச் சொல்ல வேண்டும், அதை மட்டும் கூடவே உட்கார்ந்து பார்த்துக்கொண்டேன்.

மற்றவர்கள் உங்கள் வருஷத்தையும் எழுதுங்கள். குறிப்பாகக் கடலூர்க்காரர்கள்.

பழைய_டவுன்

கடலூர் ஓ.டி.யிலிருந்து, அதாவது பழைய டவுனிலிருந்து, ஆஜர். பாய்ப்படகு எனக்கு வார இறுதி ஆசைதான், ஆனால் ஃபைபர் வேலை என் தொழில், அதனால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன காலக்கணக்கு சரி. அதோடு இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் மொத்தமும் கரையில் நிற்கும். எங்களுக்கு அந்த இரண்டு மாதம் மூச்சுவிட நேரம் இருக்காது. சின்னப் படகுக்காரர் ஏப்ரல் கடைசியில் ஒரு விரிசலை ஒட்டித் தாருங்கள் என்று வந்தால் நல்ல மேஸ்திரி கிடைக்கமாட்டார், கிடைக்கிற பையன் அவசரமாகப் பூசிவிட்டுப் போவான். பிப்ரவரி மார்ச்சில் வாருங்கள், நாங்களும் சும்மா இருப்போம், காற்றும் காய்ந்திருக்கும்.

நீங்களே செய்வதென்றால் சில விஷயம். ரெசின் கடையில் மூன்று பொருள் தருவார்கள்: ரெசின், நீலமோ ஊதாவோ கலரில் இருக்கிற ஆக்சலரேட்டர், தண்ணீர்போல இருக்கிற கேட்டலிஸ்ட். ஆக்சலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று எந்தக் காரணத்துக்காகவும் கலக்கக் கூடாது, தீப்பற்றும், வெடிக்கும். முதலில் ஆக்சலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பூசப்போகிற அளவை மட்டும் தனியாக எடுத்து அதில் கேட்டலிஸ்ட் விட வேண்டும். நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு. வெயில் ஏறிய நேரத்தில் ஒன்று போதும், அதற்கு மேல் போனால் டப்பாவிலேயே கட்டியாகிப் புகை வரும். கண்ணில் கேட்டலிஸ்ட் ஒரு சொட்டுப் பட்டால் பார்வையே போகும், கண்ணாடி போடாமல் அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள்.

விடியற்காலையில் பூச வேண்டாம், பனி இறங்கியிருக்கும். எட்டு மணிக்கு மேல் ஆரம்பித்துப் பத்தரைக்குள் முடியுங்கள். பழைய பரப்பை எமரி போட்டு மங்கலாகும்வரை தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, ஃபைபர் இழை விரிப்பை (மேட்) ரெசினில் நனைத்து ஒட்ட வேண்டும்; சின்னத் துண்டு முதலில், பெரிய துண்டு மேலே என்று சிலர், பெரியது முதலில் என்று சிலர். நான் பெரியதை முதலில் வைக்கிறவன், பழைய ஃபைபரைப் பிடித்துக்கொள்கிற பரப்பு அதிகம். ரோலரில் காற்றுக்குமிழியைத் தள்ளுவதில்தான் மேஸ்திரியின் கை தெரியும்.

இன்னொன்று, எப்பாக்ஸி போட்ட இடத்துக்கு மேலே சாதா ரெசின் போட்டால் ஒழுங்காகப் பிடிக்காது. பழைய படகு வாங்குகிறவர்கள் முன்னாடி இருந்தவர் எதில் ஒட்டினார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மரக்காணம்88

அண்ணே, நான் படகு வாங்கப்போகிறவன், அதனால் கேட்கிறேன். ஆற்றிலேயே நங்கூரம் போட்டு வைத்திருந்தால் தினம் தள்ளி இறக்குகிற வேலை மிச்சம்தானே? தேங்காய்த்திட்டு பக்கம் எல்லாப் படகும் தண்ணீரில்தானே நிற்கிறது?

அரியாங்குப்பம்_பாய்

தம்பி, அங்கே நிற்பவை தினமும் ஓடுகிற படகுகள், அவற்றுக்கு அடியில் பெயின்ட் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை ஓடுகிற டிங்கி வேறு. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் உப்பாக இருக்கிற மாதங்களில் அடியில் கொட்டலசு என்கிற ஓட்டுப் பிராணி ஒட்டிக்கொள்கிறது. முதலில் மணல் தூவினதுபோல் சொரசொரப்பாக இருக்கும், கொஞ்ச நாள் விட்டால் கூம்புகூம்பாக ஓடு கட்டிவிடும். சென்டர்போர்டு போகிற இடுக்குக்குள் அது வளர்ந்தால் போர்டு மேலேயும் வராது கீழேயும் போகாது. சுரண்டினால் ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட்டும் சேர்ந்து வரும். டிராலிமேல் வைத்திருக்கிற படகுக்கு இந்தக் கவலையே கிடையாது, ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினால் முடிந்தது.

இரண்டாவது காரணம், ஃபைபரே நாள்பட நாள்படத் தண்ணீரை உறிஞ்சும். வருஷக்கணக்கில் தண்ணீரில் கிடந்த பழைய படகின் அடியில் கொப்புளங்கள் தெரியும். வாங்கும்போது வெயில் சாய்ந்து அடிக்கிற நேரத்தில் அடிப்பகுதியைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், நேராகப் பார்த்தால் தெரியாதது அப்போது தெரியும்.

பாகூர்_மரப்படகு

எல்லோரும் ஃபைபர் என்கிறீர்கள், என்னிடம் இருப்பது மரம். மரப்படகில் கவலை வேறு. முழுக்கக் கரையில் வைத்தால் வெயிலில் பலகை சுருங்கி இடுக்கு விடும், முழுக்கத் தண்ணீரில் விட்டால் கப்பல்புழு. வெளியே ஊசிமுனை அளவு ஓட்டைதான் இருக்கும், உள்ளே பலகையை அரித்துக்கொண்டு போயிருக்கும். உப்பு அதிகமான தண்ணீரில்தான் அதன் ஆட்டம், மழைக்கால வெள்ளத்தில் ஆறு நல்ல தண்ணீர் ஆகும்போது அடங்கும்.

அதற்கு நம்ம பக்கத்திலேயே மருந்து இருக்கிறது. பண்ருட்டியில் முந்திரி உடைக்கிற இடங்களில் ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெய். கறுப்பாக, பிசினாக இருக்கும். படகுக்கும் வலைக்கும் அந்தக் காலத்திலிருந்து பூசுகிறார்கள். மாசியில் நன்றாகக் காயவைத்த பலகைக்கு மெல்லிசாக இரண்டு கை பூசி, ஒவ்வொன்றும் உலரும்வரை பொறுத்தேன். இந்த வருஷம் அடியில் புழுத்துளை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒரு எச்சரிக்கை: பச்சை எண்ணெய் தோலில் பட்டால் தீப்பட்டதுபோல் கொப்பளிக்கும். கைக்கு ரப்பர் கிளவுஸ், முழுக்கைச் சட்டை, முதலில் வெளியே தெரிகிற தோலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். முகத்தைத் துடைக்கக் கை போகக் கூடாது, அதுதான் கஷ்டம்.

வைத்திக்குப்பம்

நான் மீன்பிடிக் குடும்பம். எங்கள் தாத்தா கட்டுமரத்தில் பாய் விரித்துப் போனவர், அப்பா காலத்தில் ஃபைபரும் இன்ஜினும் வந்தது. உங்கள் ஆசையைப் பார்க்க சந்தோஷமாக இருக்கிறது, அதனாலேயே பராமரிப்போடு நிறுத்தாமல் கடலைப் பற்றியும் சொல்கிறேன். இன்ஜின் இல்லாமல் முகத்துவாரம் தாண்டுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

முதல் விஷயம் கரை. முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர் கட்டின பிறகு தெற்கேயிருந்து வடக்கே நகர்கிற மணல் அங்கேயே நின்றுவிட்டது. வடக்கே இருந்த மணற்கரை கரைந்து, அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். தலைமைச் செயலகம் எதிரே கடலுக்கடியில் தடுப்பு வைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்ப வந்திருக்கிறது, மற்றபடி நிறைய இடத்தில் பாறைதான். அதாவது கிழக்கேயிருந்து வருகிற கொண்டலோ கடல்காற்றோ உங்களைக் கரைப்பக்கம் தள்ளினால், ஊருக்கு நேர் எதிரே படகை ஏற்றி இறங்க மணல் கிடையாது. ஏதாவது உடைந்தால் எங்கே கரையேறுவேன் என்று போவதற்கு முன்னாடியே முடிவு செய்துகொள்ளுங்கள். தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் உண்டு, அங்கேயும் கரையோர அலை மடியும்.

இரண்டாவது நீவாடு, அதாவது கடல் நீரோட்டம். மாசியிலிருந்து சித்திரை வரை பெரும்பாலும் வடக்கே இழுக்கும், ஐப்பசி கார்த்திகையில் தெற்கே இழுக்கும். ஃபைபரில் நாற்பது குதிரைசக்தி இன்ஜின் வைத்துப் போகிறவனுக்கு இது பெரிய விஷயம் இல்லை. உங்களுக்கு அப்படி இல்லை. இங்கிருந்து கடலூர் ஓ.டி. வாய்க்குக் கடல்வழியில் சுமார் 12 கடல்மைல். உங்கள் படகு மூன்று நாட் (மணிக்கு மூன்று கடல்மைல்) வேகத்தில் போகிறது, நீவாடு ஒரு நாட் எதிரே இருந்தால் ஆறு மணி நேரம், கூடவே இருந்தால் மூன்று மணி நேரம். ஒரே படகு, ஒரே காற்று. கிளம்பும்போது வலை இருக்கிற இடத்தைக் காட்டுகிற மிதவைக் கொடி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது, அதன் பின்னால் தண்ணீர் எப்படி வாலிட்டு ஓடுகிறது என்று பாருங்கள், அது சொல்லிவிடும்.

மூன்றாவது, ஆனி ஆடி ஆவணி. காலையில் மேற்கேயிருந்து கச்சான் அடிக்கும், கரையோரம் தண்ணீர் தட்டையாக இருக்கும், புதுசாக வருகிறவர்களுக்கு அது சாதுவாகத் தெரியும். அது கரையைவிட்டு வெளியே தள்ளுகிற காற்று. கரையில் நின்று பார்க்கிறவனுக்கு அலை தெரியாது, வெளியே போகப்போக வலுக்கும். மதியம் கடல்காற்று வந்து மாறும், கச்சான் பலமாக இருக்கிற நாளில் அது தாமதமாக வரும், சில நாள் வரவே வராது. சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு இடிமழை வந்தால் முதலில் வருவது காற்றுதான், அதுவும் வெளியே தள்ளும். அலுமினியக் கம்பத்தை நட்டுக்கொண்டு மின்னலடியில் நிற்பது வேறு. நாலு மணிக்கு மேற்கே திரண்டு நின்றால் அப்போதே திரும்பிவிடுங்கள்.

அரியாங்குப்பம்_பாய்

அண்ணே, இதற்காகத்தான் இந்த இழையையே ஆரம்பித்தேன். கச்சான் பற்றி நீங்கள் சொன்னது நூறு சதவீதம். ஆடியில் ஆற்றைவிட்டு வெளியே போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஆற்றுக்குள் அந்தக் காற்று அருமையாக இருக்கிறது, நோணாங்குப்பம் பக்கம் அலையாத்தி மரங்களுக்கு மேலே தாண்டி விட்டுவிட்டு வரும், எப்போது வரும் என்று இலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

முகத்துவாரத்தில் நான் பார்த்தது: கடல் வற்றும்போது (வற்றம்) தண்ணீர் வெளியே ஓடுகிற நேரத்தில் கடலிலிருந்து அலை உள்ளே வந்தால் மணல்மேட்டின் மேல் செங்குத்தாக எழும்பி உடைகிறது. அதே அலை, ஏற்றம் முடிகிற நேரத்தில் சும்மா உருண்டு போகிறது. நம்ம பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான், அதனால் பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. வாய் குறுகலாக இருக்கிற இடத்தில் அந்த ஒரு மீட்டர் போதும்.

லாஸ்பேட்டை_அம்மா

என் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, இந்த வருஷம்தான் ஆப்டிமிஸ்ட் ஓட்டக் கற்றுக்கொண்டாள். எட்டடிப் படகு, ஒரே பாய், ஒரு குழந்தை தனியாகத் தூக்கிக் கட்டிவிடலாம். அவளுக்கு இந்த ஆர்வம் வரக் காரணம் கடற்படையின் தாரிணி பாய்ப்படகு. நம்ம புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமியும் கேரளத்துப் பெண் தில்னாவும், கடற்படை அதிகாரிகள், 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். இரண்டே பேர், அந்தப் படகில், பாயில். நாம் இங்கே ஃபெஞ்சலுக்குப் படகைக் கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் அவர்கள் ஆஸ்திரேலியாவைவிட்டு நியூசிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கரண்ட் இல்லாத அந்த ராத்திரியில் என் பெண் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு, அங்கே காற்று எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பராமரிப்பு அவளுடைய வேலை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டோம். கரைக்கு வந்ததும் கயிறு எல்லாம் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட வேண்டும், பாயை ஈரத்தோடு மடிக்கக் கூடாது, சுக்கான் மாட்டுகிற கொக்கியில் மணல் இருக்கிறதா என்று விரல்விட்டுப் பார்க்க வேண்டும். மிதவைப் பைகளை வாரம் ஒருமுறை ஊதி மறுநாள் அமுக்கிப் பார்ப்பாள். தொளதொள என்று இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி வருகிறது என்று அவளே கண்டுபிடித்து ஒட்டுகிறாள். படகு கவிழ்ந்தால் அவளை மேலே வைத்திருக்கப்போவது அதுவும் லைஃப் ஜாக்கெட்டும்தான், அதனால் அதை வேறு யாரும் செய்துகொடுப்பதில்லை.

பெண்பிள்ளையைக் கடலுக்கு அனுப்புகிறாயே என்று கேட்டவர்கள் உண்டு. மே மாதத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி குறைந்திருக்கிறது.

பழைய_டவுன்

அக்கா, மிதவைப் பற்றிச் சொன்னீர்கள், பெரிய டிங்கிக்கும் அதே சோதனை உண்டு. இரண்டு பக்கமும் இருக்கிற காற்றுப்பெட்டியின் மூடியை அழுத்தி மூடி, வடிகால் ஓட்டையில் ஒரு டியூப் வைத்து வாயால் மட்டும் ஊதுங்கள். பம்ப் வேண்டாம், பெட்டி பிளந்துவிடும். ஒட்டுக்கள்மேல் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. பெரும்பாலும் சென்டர்போர்டு பெட்டி அடியோடு சேர்கிற மூலையில் வரும், மணலில் இழுத்து ஏற்றும்போது அதுதான் அதிகம் வாங்குகிறது.

ஃபெஞ்சலுக்குப் பிறகு எங்கள் பக்கம் நடந்ததும் சொல்ல வேண்டும். புயல் போய்விட்டது என்று மூச்சுவிட்டோம், சாத்தனூர் அணையில் 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள், தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. தாழங்குடா பக்கம் ஆற்றுவாயில் மரமும் ஆகாயத்தாமரையும் தென்னை மட்டையும் கூட்டம்கூட்டமாகக் கடலுக்குப் போனது. அப்புறம் ரொம்ப நாள் கடலில் பாதி முழுகின கட்டைகள் மிதந்தன, வெளியே நாலு விரல்தான் தெரியும். ஆற்றில் கட்டியிருந்த படகுகளின் கயிறு பலவும் அறுந்தது காற்றில் இல்லை, தாமரைக் கூட்டம் வந்து மோதின பாரத்தில். புயல் கூண்டு இறக்கியாச்சு என்று உடனே படகை இறக்காதீர்கள், மேற்கே எந்த அணையில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்ற செய்தியையும் பாருங்கள்.

மரக்காணம்88

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்வி. கயிறு எது வாங்குவது? கடையில் மீட்டர் கணக்கில் பச்சைக் கயிறுதான் மலிவாக இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் சாமான் வன்பொருள் கடையில் வாங்கலாமா?

அரியாங்குப்பம்_பாய்

பச்சைக் கயிறு பாலிப்ரோபிலின், மிதக்கும், அது ஒன்றுதான் அதன் நன்மை. நம்ம வெயிலில் ஒரு கோடையிலேயே முள்முள்ளாகப் பொடிய ஆரம்பிக்கும், கையில் குத்தும், முடிச்சும் நிற்காது. தண்ணீரில் விழுந்தவருக்கு எறிகிற கயிறாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். நங்கூரத்துக்கு நைலான், நீளும், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பாயைத் தூக்குவதற்கும் இழுத்துப் பிடிப்பதற்கும் பாலியெஸ்டர், அது நீளாது.

ஸ்டெயின்லெஸ் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 304 கிரேடு. வீட்டுக் கதவுக்கு நல்லது, கடல் உப்பில் சீக்கிரமே பழுப்பாகும், அப்புறம் புள்ளிபுள்ளியாகக் குழிவிழும். 316 கேட்டு வாங்குங்கள், விலை அதிகம். பாய்மரத்தைப் பிடித்திருக்கிற கம்பிகளுக்கும் அவற்றை மாட்டுகிற ஷாக்கிள் என்கிற கொக்கி வளையத்துக்கும் கண்டிப்பாக 316தான், சோப்பு டப்பா மாட்டுகிற இடத்துக்கெல்லாம் 304 போதும். எதுவானாலும் டேப் சுற்றி மூடி வைக்காதீர்கள். ஸ்டெயின்லெஸுக்குக் காற்று பட வேண்டும், மூடின இடத்தில் உப்புத்தண்ணீர் தேங்கினால் வெளியே பளபளப்பாக இருக்க உள்ளே அரிக்கும். பழைய படகு பார்க்கும்போது கம்பி முனையில் டேப் சுற்றியிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். விற்கிறவர் தயங்கினால் விலையில் கம்பிச் செலவைக் கழித்துப் பேசுங்கள்.

எனக்கு இந்த வருஷம் ஒரு வருத்தம், ஒரு கடையில் 316 என்று பில் போட்டுக் கொடுத்த ஷாக்கிள்கள் ஒரு மாதத்திலேயே பழுத்துவிட்டன. மாற்றித் தரவில்லை. உயிர் தொங்குகிற சாமானில் இப்படிச் செய்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதற்கப்புறம் எது வாங்கினாலும் ஒன்றை மட்டும் வாங்கி, உப்புத்தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்துப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குகிறேன்.

பாகூர்_மரப்படகு

இந்தச் சோதனை நல்ல யோசனை. நான் செம்பு ஆணியோடு நிற்கிறேன், மரத்துக்கு அதுதான் உறவு. ஒன்று கேட்கணும், கடலில் ஆபத்து என்றால் கூப்பிட போனில் என்ன நம்பர் வைத்திருக்கிறீர்கள்?

வைத்திக்குப்பம்

போன் வாட்டர்புரூஃப் பையில், கழுத்தில் தொங்க வேண்டும், பெட்டிக்குள் இல்லை. கடலோரக் காவல்படை 1554, தமிழ்நாட்டுக் கடற்கரையில் இருந்தால் கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் 1093. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் வருவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகணும், அவர் வெட்டியாக இருக்கிற ஆளாக இருக்கக் கூடாது, நேரம் தாண்டினால் போன் போடுகிற ஆளாக இருக்கணும். ஒரு வெள்ளைப் பாய் தூரத்தில் அலை நுரையோடு சேர்ந்துபோகும், பாயின் உச்சியில் ஆரஞ்சுத் துணி ஒரு முழம் தைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பையன்கள் தூரத்திலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரியும், கஷ்டம் என்றால் வருவார்கள். வலை போட்டிருக்கிற இடத்துக்கு மேலே மட்டும் சென்டர்போர்டை இறக்கிக்கொண்டு போகாதீர்கள், வலை கிழிந்தால் அது ஒரு குடும்பத்தின் பணம். மிதவை வரிசை தெரிந்தால் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போங்கள்.

லாஸ்பேட்டை_அம்மா

ஆரஞ்சுத் துணி இந்த வாரமே தைக்கிறேன் அண்ணா.

அரியாங்குப்பம்_பாய்

நானும். வலை பற்றிச் சொன்னதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், நமக்கு ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்கு அன்றைய சோறு.

இப்போது மழைக்கால ஏற்பாடு ஆரம்பித்துவிட்டேன். பாயும் கயிறும் அலசிக் காயவைத்து வீட்டு மச்சுக்குப் போய்விட்டது, எலி ஏறாத இரும்புக் கம்பியில் தொங்குகிறது. டிராலிச் சக்கரத்தின் பேரிங்கை எடுத்துவிட்டு நைலான் புஷ் கடைந்து போட்டாச்சு, உப்பில் துருப்பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. டயர், முளை, கயிறு எல்லாம் தோப்பில் தயார். புயல் செய்தி வந்த பிறகு கடைக்கு ஓடினால் நைலான் கயிறு கிடைக்காது, போன வருஷம் பார்த்தோம்.

மரக்காணம் தம்பி, நீங்கள் வாங்கப்போகிற படகைப் பார்க்கப் போகும் நாளைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். பழைய டவுன் அண்ணனும் வந்தால் ரொம்ப நல்லது. ஒரு டார்ச், ஒரு குட்டி மரச்சுத்தி, சோப்புத் தண்ணீர் பாட்டில், டியூப் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய_டவுன்

ஞாயிறு என்றால் வருகிறேன். மரச்சுத்தி என்னிடம் இருக்கிறது. தம்பி, விற்கிறவரிடம் படகைக் கழுவி வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், ஈரம் கசிந்து ஓடின தடம் அழியாமல் இருந்தால்தான் ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியும்.